ரெசின் பிரிண்டரில் எஃப்.இ.பி. ஃபிலிம் தகராறு: அறிகுறியைப் பார்த்துப் பழுதைப் பிடிக்கும் வழி

ரெசின் பிரிண்டர், அதாவது ஒளி பட்டால் இறுகும் திரவத்தை (ரெசின்) அடுக்கடுக்காக இறுகவைத்துப் பொருளை உருவாக்கும் 3டி பிரிண்டர், சொதப்பினால் பலரும் முதலில் சந்தேகப்படுவது ரெசின் தொட்டியின் அடியில் இருக்கும் எஃப்.இ.பி. ஃபிலிமைத்தான், அதாவது ஒளியை உள்ளே விடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைத்தான். கழற்றிவிட்டுப் புதிது போடுவார்கள். மறுநாள் அதே பழுது திரும்ப வரும். நானும் அப்படிச் சில நல்ல ஃபிலிம்களைத் தூக்கிப் போட்டிருக்கிறேன். என் இயந்திரத்திலும் நண்பர்களின் இயந்திரங்களிலும் இதையே திரும்பத் திரும்பப் பிரித்து மாட்டிய பிறகு ஒரு வரிசை கைக்கு வந்தது. செலவில்லாத சோதனை முதலில், ஃபிலிம் அப்புறம், ஃபிலிமுக்குக் கீழிருந்து ஒளியை விடும் எல்சிடி திரை கடைசியில். கீழே எல்லா அறிகுறிக்கும் அந்த வரிசையில்தான் போகிறேன்.

## கை வைக்கும் முன்

நைட்ரைல் கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். இறுகாத ரெசின் அடிக்கடி தோலில் பட்டால் ஒவ்வாமை வரும். ஒருமுறை உடம்பு அதைப் பிடித்துக்கொண்டால் அடுத்த முறை ஒரு துளி பட்டாலே அரிக்கும். தோல் சிவந்து தடித்தால் வேலையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கழுவப் பயன்படும் ஐசோபிரோபைல் ஆல்கஹால் எளிதில் தீப்பிடிக்கும். பக்கத்தில் நெருப்பு, ஹீட்டர் எதுவும் இருக்கக் கூடாது, ஜன்னல் திறந்திருக்கட்டும். ரெசின் துடைத்த காகிதத்தை வெயிலில் காயவைத்து இறுகிய பிறகே குப்பையில் போடுங்கள். கழுவிய திரவத்தைச் சாக்கடையில் கொட்டாதீர்கள்.

## அறிகுறி 1: மாடல் பிளேட்டில் இல்லை, ஃபிலிமில் கிடக்கிறது

அதிகம் வரும் புகார் இதுதான். மேலிருந்து தொட்டிக்குள் இறங்கி, அச்சாகும் மாடலைத் தாங்கும் தகடுதான் பிளேட். முதல் வேலை, அடுத்த பிரிண்டைத் தொடங்காமல் இருப்பது. தொட்டிக்குள் இறுகிய துண்டு கிடக்கும்போது பிளேட் இறங்கினால் அந்தத் துண்டை ஃபிலிமோடு சேர்த்துத் திரையின்மேல் அழுத்தும். பள்ளம், ஓட்டை, உடைந்த திரை என்று பெரிய பழுதுகள் பலவும் தொடங்குவது இந்த அவசரத்தில்தான்.

ரெசினை வடிகட்டி வழியாக வேறு பாட்டிலில் ஊற்றுங்கள். தொட்டியைக் கையில் எடுத்து, ஒட்டியிருக்கும் துண்டின் விளிம்பை அடியிலிருந்து கட்டைவிரலால் மெதுவாகத் தள்ளுங்கள். எஃப்.இ.பி.யின் மேற்பரப்பில் எதுவும் எளிதில் பசைபோல் ஒட்டாது. துண்டைப் பிடித்துவைத்திருப்பது பெரும்பாலும் நடுவில் காற்று இல்லாத உறிஞ்சல்தான். ஃபிலிம் கொஞ்சம் வளைந்து ஓரத்தில் காற்று புகுந்ததும் துண்டு கழன்றுவிடும். உலோகச் சுரண்டியை மேலிருந்து நுழைக்கவே வேண்டாம். இந்தப் பிளாஸ்டிக் வழவழப்பானது, ஆனால் மென்மையானது. ஒரு கீறல் விழுந்தால் கிழிசல் அங்கிருந்தே தொடங்கும்.

சிறுசிறு துணுக்குகளாகச் சிதறிக் கிடந்தால், தொட்டியில் கொஞ்சம் ரெசின் இருக்கும்போதே இயந்திரத்தின் தொட்டி சுத்தம் செய்யும் வசதியை ஓடவிடுங்கள். முழுத் திரையும் ஒளிர்ந்து அடியில் ஒரே தகடாக இறுகும், துணுக்குகள் அதற்குள் மாட்டிக்கொள்ளும். ஒரு மூலையிலிருந்து தகட்டை உரித்தால் எல்லாம் சேர்ந்து வந்துவிடும்.

அப்புறம் பிளேட்டைப் பாருங்கள். அதில் என்ன மிச்சம் இருக்கிறது என்பதை வைத்துத்தான் வழி பிரிகிறது.

### பிளேட்டில் ஒன்றுமே இல்லை

ஃபிலிமை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். இந்த வரிசையில் பாருங்கள்:

1. ரெசினைக் குலுக்கினீர்களா? நிறமி அடியில் தங்கியிருந்தால் மேலே இருப்பது வேறு ரெசின் மாதிரி நடந்துகொள்ளும்.
2. அறை குளிராக இருக்கிறதா? 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ரெசின் கெட்டியாகிவிடும். 25 முதல் 30 வரை வைத்துப் பாருங்கள். இது ஒன்றிலேயே பழுது தீர்ந்த நாட்கள் நிறைய உண்டு.
3. பிளேட்டில் எண்ணெய்ப் பிசுக்கு, விரல் தடம், பழைய ரெசின் படலம் இருக்கிறதா? ஆல்கஹாலால் துடைத்து முழுக்க உலரவிடுங்கள்.
4. லெவலிங், அதாவது பிளேட் திரைக்கு இணையாக இருப்பது, சரியா? பூட்டும் திருகுகளை இறுக்கும்போது பிளேட் கொஞ்சம் திரும்பிவிடும். இறுக்கிய பிறகு பிளேட்டுக்கு அடியில் வைத்த காகிதத்தை நான்கு மூலையிலும் இழுத்துப் பாருங்கள்.
5. அடி லேயர்களின் (முதல் சில அடுக்குகளின்) எக்ஸ்போஷர், அதாவது ஒளி படும் நேரம், போதுமா? ஒற்றை நிறத் திரையுள்ள இயந்திரங்களில் 20 முதல் 40 விநாடி வழக்கம். ஐந்து ஐந்தாகக் கூட்டிப் பாருங்கள்.
6. திரை ஒளிர்கிறதா? தொட்டியை எடுத்துவிட்டு, திரைமேல் ஒரு வெள்ளைக் காகிதம் வைத்துத் திரைச் சோதனையை ஓட்டுங்கள். வெளிச்சத்தை நேராகக் கண்ணால் பார்க்காதீர்கள், காகிதத்தில் விழுவதைப் பாருங்கள்.

ஆறாவதில் வெளிச்சமே இல்லை என்றால் எல்.இ.டி. விளக்குப் பலகை, திரை, மின்வழங்கி என மூன்றில் ஒன்று போயிருக்கிறது. திரையின் இணைப்பு நாடா கழன்றிருக்கிறதா என்று மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுப் பார்க்கலாம். அதற்குமேல் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். மின்வழங்கியை நீங்கள் திறக்காதீர்கள்.

### அடித்தளம் பிளேட்டில் இருக்கிறது, மாடல் அறுந்து கீழே கிடக்கிறது

பிளேட்டும் அடி எக்ஸ்போஷரும் சரிதான் என்று இதற்கு அர்த்தம். நடுவில்தான் இழுபறியில் தோற்றிருக்கிறது. மாடலைத் தாங்கும் சப்போர்ட் கம்பிகளின் முனைகள் மெல்லியதாக இருக்கலாம், பிளேட் மேலே ஏறும் லிஃப்ட் வேகம் கூடுதலாக இருக்கலாம், சாதாரண லேயருக்கான எக்ஸ்போஷர் குறைவாக இருக்கலாம். இவை மூன்றும் மாடலை லேயர்களாகப் பிரிக்கும் ஸ்லைசர் மென்பொருளில் மாற்றக்கூடியவை, காசு செலவில்லை. லிஃப்ட் வேகம் நிமிடத்துக்கு 60 மில்லிமீட்டர் என்று இருந்தால் 40க்குக் கொண்டுவாருங்கள். எக்ஸ்போஷரை கால் விநாடி, அரை விநாடி என்று ஏற்றுங்கள். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றினால் எது தீர்த்தது என்று தெரியாது, அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து தேட வேண்டிவரும்.

இவை சரியாக இருந்தும் அறுகிறது என்றால் இப்போது ஃபிலிமின் இழுவையைப் பாருங்கள். காலி தொட்டியின் நடுவில் விரலால் மெதுவாகத் தட்டுங்கள். பறைபோல் கணீரென்று கேட்க வேண்டும். பொத் பொத்தென்றால் தளர்ந்துவிட்டது. எஃப்.இ.பி. தொடர்ந்து இழுபடும்போது கொஞ்சம் கொஞ்சமாக நீண்டுகொண்டே போகும் குணமுள்ளது. தளர்ந்த ஃபிலிம் பிளேட்டோடு சேர்ந்தே மேலே ஏறும், ஓரத்திலிருந்து உரிந்து வராது. சப்போர்ட்தான் அந்தச் சுமையைத் தாங்கும்.

### ஒரு பக்கம் மட்டும் வரவில்லை

லெவலிங்கை மறுபடி பாருங்கள். சரியாக இருந்தால் அதே மாடலைப் பிளேட்டின் வேறு இடத்தில் அச்சடியுங்கள். உங்கள் தொட்டி அப்படியே 180 டிகிரி திருப்பிப் பொருந்துமென்றால் அது இன்னும் நல்ல சோதனை. பழுது தொட்டியோடு சேர்ந்து இடம் மாறினால் ஃபிலிம். அதே இடத்தில் நின்றால் திரை. ஃபிலிமுக்கும் திரைக்கும் பழி சுமத்துமுன் இதைச் செய்துவிடுங்கள்.

## அறிகுறி 2: ஒவ்வொரு லேயருக்கும் ‘டப்’ என்று சத்தம்

மெல்லிய ‘டிக்’ சத்தம் இயல்பு. அறை முழுக்கக் கேட்கும்படி அறைந்தால்தான் கவனிக்க வேண்டும்.

மாடல் உள்ளீடற்றதா, வடிகால் ஓட்டை வைத்தீர்களா என்று முதலில் பாருங்கள். ஓட்டை இல்லாத கிண்ணம் ஃபிலிமைக் கவ்வி உறிஞ்சும். பிளேட்டுக்கு அருகில் இரண்டு ஓட்டை போட்டால் பெரும்பாலும் சத்தம் நின்றுவிடும். அடுத்து, பெரிய தட்டைப் பரப்பு ஃபிலிமுக்கு இணையாக விழுகிறதா? மாடலை 30 முதல் 45 டிகிரி சாய்த்து வையுங்கள். பிறகு லிஃப்ட் வேகம், பிறகு மேலே சொன்ன தளர்வு. வழுக்கும் திரவம் தெளித்துச் சத்தத்தைக் குறைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சத்தம் போய்விடும், சத்தம் சொல்லவந்த விஷயமும் போய்விடும்.

## அறிகுறி 3: ஃபிலிம் மங்கலாக, பால்போல் தெரிகிறது

இதைப் பார்த்ததும் ஃபிலிமைத் தூக்கிப்போடாதீர்கள். கழுவி உலர்த்திய தொட்டியில், மங்கிய இடத்தில் சில துளி ஐசோபிரோபைல் ஆல்கஹால் விட்டுப் பாருங்கள்.

மங்கல் மறைந்துவிட்டதா? அப்படியானால் அது மேற்பரப்பின் நுண்ணிய கீறல்கள் மட்டுமே. எஃப்.இ.பி.யின் ஒளிவிலகல் எண் சுமார் 1.34, ஆல்கஹாலுக்குச் சுமார் 1.38. இரண்டும் நெருக்கம் என்பதால் கீறலுக்குள் திரவம் நிறைந்ததும் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. அச்சடிக்கும்போது ரெசினும் அந்தக் கீறல்களை ஓரளவு இப்படித்தான் நிரப்பும். அந்த ஃபிலிம் இன்னும் உழைக்கும்.

மறையவில்லை என்றால் மூன்று வாய்ப்புகள். ஒன்று, இறுகிய ரெசின் மெல்லிய படலமாகத் தங்கியிருக்கலாம். ஆல்கஹாலில் கொஞ்ச நேரம் ஊறவைத்து மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். சொரசொரப்பான காகிதம் வேண்டாம். இரண்டு, கீறலோ அழுக்கோ அடிப்பக்கத்தில் இருக்கலாம். அந்தப் பக்கம் எப்போதும் காற்றைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது, ரெசின் போய் நிரப்பாது. ஆகவே அடிப்பக்கக் கீறலும் விரல் தடமும் மேல்பக்கத்தைவிட அதிகம் கெடுக்கும். ஃபிலிமின் அடியையும் திரையின் மேலையும் துடைப்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மூன்று, ஃபிலிம் இழுபட்டு உள்ளுக்குள்ளேயே வெளுத்திருக்கலாம். நகத்தால் வருடினால் வழவழப்பாகவே இருக்கும், ஆனால் எதை ஊற்றினாலும் வெண்மை போகாது. அது மாற்ற வேண்டிய ஃபிலிம்.

ஏ.சி.எஃப். என்று விற்கும் ஃபிலிம் தொடக்கத்திலேயே பனிபடர்ந்த கண்ணாடி மாதிரிதான் இருக்கும். அது பழுதில்லை. எக்ஸ்போஷரைக் கொஞ்சம் கூட்டினால் போதும்.

## அறிகுறி 4: ஃபிலிமில் பள்ளம், மடிப்பு, மாடலில் ஒரே இடத்தில் வரி

விரல் நுனியால் தடவுங்கள். தொட்டு உணர முடியாத தடமென்றால் விட்டுவிடுங்கள். உணர முடிகிற பள்ளமென்றால், அது மாடல் விழும் இடத்தில் இருக்கிறதா ஓரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஓரத்தில் என்றால் மாடலை நகர்த்தி வைத்துக் காலம் தள்ளலாம். நடுவில், கூர்மையான முனையோடு இருந்தால் மாற்றிவிடுங்கள். ஓட்டைக்கு முந்தைய நிலை அது.

‘சூடு காட்டினால் பள்ளம் நிமிருமா?’ என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. டெஃப்லான் என்று நாம் அறிந்த பி.டி.எஃப்.இ. உருகினாலும் ஓடாது, எஃப்.இ.பி. சாதாரண பிளாஸ்டிக் போல உருகி ஓடும். அதனால்தான் இதை உருக்கித் தெளிந்த ஃபிலிமாக இழுக்க முடிகிறது. ஆனால் அது உருகுவது சுமார் 260 டிகிரி செல்சியஸில். முடி உலர்த்தும் கருவியின் சூடு அதை அசைக்காது. ஹீட் கன் அந்த அளவையும் எளிதில் தாண்டிவிடும், உருகத் தொடங்கிய ஃபிலிம் சட்டத்தில் சுருங்கிக் கிழியும். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. 400 டிகிரியை நெருங்கும்போது இந்தப் பிளாஸ்டிக் சிதைந்து நச்சுப் புகை விடும், அதில் ஹைட்ரஜன் ஃப்ளூரைடும் வரும். அந்தப் புகையைச் சுவாசித்தவர்களுக்குச் சில மணி நேரம் கழித்துக் காய்ச்சல், நடுக்கம், நெஞ்சு இறுக்கம் வரும். ஆகவே ஹீட் கன், லைட்டர், சாலிடரிங் இரும்பு எதையும் ஃபிலிமுக்குக் காட்டாதீர்கள். கழித்த ஃபிலிமை எரிக்கவும் வேண்டாம். யாராவது அந்தப் புகையைச் சுவாசித்துவிட்டால் உடனே காற்றோட்டமான இடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். மூச்சுத் திணறினால் மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

## அறிகுறி 5: தொட்டிக்கு அடியில் ஈரம்

மற்ற எந்த அறிகுறியும் நாளைவரை காத்திருக்கும். இது காத்திருக்காது. பிரிண்டை நிறுத்துங்கள், மின்சாரத்தைத் துண்டியுங்கள், தொட்டியை நேராக, சாய்க்காமல் தூக்கி ஒரு தட்டின்மேல் வையுங்கள். திரைமேல் சிந்திய ரெசினை உடனே துடைத்துவிடுங்கள். வெளிச்சம் படாதவரை அது திரவம்தான், காகிதத்தில் வந்துவிடும். விளிம்பு நோக்கித் தள்ளாமல் நடுவுக்குக் கூட்டித் துடையுங்கள். ஆல்கஹாலைத் திரைமேல் நேராக ஊற்றக் கூடாது, துணியில் நனைத்துத் துடைக்க வேண்டும்.

இனி, எங்கிருந்து கசிந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். தொட்டியைக் கழுவி உலர்த்துங்கள். உலர்ந்த டிஷ்யூ காகிதத்தின்மேல் வைத்து, உள்ளே சில மில்லிமீட்டர் உயரத்துக்கு ஐசோபிரோபைல் ஆல்கஹால் ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். தண்ணீர் ஊற்றிச் சோதித்துவிட்டு ‘ஓட்டை இல்லை’ என்று திரும்ப ரெசின் ஊற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். எஃப்.இ.பி. தண்ணீரை விலக்கும். ஊசித் துளையின் வாயில் தண்ணீர் முத்துப்போல் திரண்டு நின்றுவிடும், உள்ளே இறங்காது. ஆல்கஹால் இறங்கிவிடும். தொட்டியின் சட்டம் அக்ரிலிக் என்றால் ஆல்கஹால் அதன்மேல் நெடுநேரம் நிற்கவிடாதீர்கள்.

### ஈரம் ஓரத்தில், திருகு வரிசையில்

ஃபிலிம் நன்றாக இருக்கலாம். திருகுகளை எதிரெதிராக ஒரு சுற்று இறுக்கிவிட்டு மறுபடி சோதியுங்கள். நிற்கவில்லை என்றால் ஃபிலிமைப் பிடிக்கும் சட்டத்தைக் கழற்றி, அது உட்காரும் இடத்தில் இறுகிய ரெசின் துணுக்கு இருக்கிறதா, ரப்பர் வளையம் இருந்தால் அது முறுக்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

### ஈரம் நடுவில்

துளை விழுந்துவிட்டது. மாற்றுவதைத் தவிர வழியில்லை. டேப் ஒட்டலாமா, பசை வைக்கலாமா என்று தேட வேண்டாம். எதுவும் ஒட்டாது என்பதற்காகத்தான் இந்த ஃபிலிமையே போட்டிருக்கிறோம், உங்கள் பசைக்கு மட்டும் அது இரங்காது. தொழிற்சாலைகளில் எஃப்.இ.பி.யைப் பசையால் ஒட்ட வேண்டியிருந்தால் முதலில் அதன் மேற்பரப்பை வேதிப்பொருளால் அரித்துப் பதப்படுத்துவார்கள். தொட்டி ஃபிலிம் அப்படிப் பதப்படுத்தியதல்ல.

### திரையில் ரெசின் இறுகிவிட்டது

திரைமேல் பாதுகாப்புக் கண்ணாடி அல்லது ஒட்டுத்தாள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நிம்மதி, அதை மட்டும் உரித்து மாற்றலாம். இல்லையென்றால் ஆல்கஹாலில் நனைத்த துணியைப் பத்துப் பதினைந்து நிமிடம் அந்த இடத்தில் மட்டும் போட்டு, பிளாஸ்டிக் அட்டையைப் படுக்கைவாட்டில் வைத்துத் தள்ளுங்கள். அவசரப்படாமல் மூன்று நான்கு முறை செய்தால் வந்துவிடும்.

ரெசின் திரையின் விளிம்பைத் தாண்டி உள்ளே போயிருந்தாலோ, திரைச் சோதனையில் கறுப்புக் கோடோ திட்டோ தெரிந்தாலோ அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளே ரெசின் இருக்கும்போது மின்சாரம் கொடுத்தால் மின்பலகையும் சேர்ந்து போகும். அனுபவமுள்ளவரிடம் கொடுங்கள். ரெசின் உள்ளே போனதை மறைக்காமல் சொல்லிக் கொடுங்கள், அவருக்கும் கையுறை தேவைப்படும்.

## அறிகுறி 6: புது ஃபிலிம் போட்ட பிறகுதான் தொல்லை

பாதுகாப்புத் தாளை உரித்தீர்களா? புது ஃபிலிம் பெரும்பாலும் இரண்டு பக்கமும் மெல்லிய தாளோடு வரும். ஒரு பக்கம் மட்டும் உரித்துவிட்டு, முடிந்ததென்று மாட்டிவிடுவார்கள். நானும் ஒருமுறை அப்படி மாட்டி, இரண்டு நாள் எக்ஸ்போஷரைக் கூட்டிக்கொண்டே இருந்தேன். மூலையில் சிறு துண்டு டேப் ஒட்டி இழுத்தால் இன்னொரு தாள் இருந்தால் கிளம்பி வரும். வெறும் எஃப்.இ.பி. என்றால் டேப் மட்டும் கழன்று வரும்.

அடுத்து, தடிமன். 0.127 மில்லிமீட்டரும் 0.15 மில்லிமீட்டரும் சந்தையில் அதிகம் புழங்குபவை. வேறு தடிமனுக்கு மாறினால் தொட்டியோடு லெவல் செய்யும் இயந்திரங்களில் லெவலிங்கை மறுபடி செய்யுங்கள். என்.எஃப்.இ.பி. என்ற பெயரில் வருவது பி.எஃப்.ஏ. ஃபிலிம், இதே குடும்பம்தான். அது லேயரை இன்னும் எளிதாக விடும், ஆகவே லிஃப்ட் அமைப்புகளைப் புதிதாகச் சரிபார்ப்பது நல்லது.

மூன்றாவது, இழுவை. மிகையாக முறுக்கினால் கணீரென்று கேட்கும், ஆனால் சீக்கிரம் கிழியும். சிறிய தொட்டிகளுக்குத் தட்டும் ஒலி 275 முதல் 350 ஹெர்ட்ஸுக்குள் இருக்கட்டும் என்பது பயன்படுத்துபவர்களிடையே புழங்கும் கணக்கு. கைபேசியில் ஒலி அதிர்வெண் காட்டும் செயலி இருந்தால் அளந்துவிடலாம். பெரிய தொட்டியில் ஒலி இயல்பாகவே தாழ்ந்திருக்கும், இயந்திரத்தின் கையேடு சொல்வதைப் பாருங்கள்.

சுருக்கம் விழுந்திருந்தால் திருகுகளை வட்டமாக வரிசையில் இறுக்கியிருப்பீர்கள். எல்லாவற்றையும் தளர்த்திவிட்டு, ஃபிலிமின் நடுவில் அடியில் ஒரு பாட்டில் மூடியை வைத்து ஒரே சீரான தொய்வு கொடுங்கள். ஒரு திருகு, அதற்கு நேரெதிர்த் திருகு என்று பாதி பாதியாக இறுக்கி வாருங்கள். முழுக்க இறுக்கிய பிறகு ஓரத்தில் நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டுங்கள், முன்னால் வெட்டிவிட்டால் பிடித்து இழுக்க இடமிருக்காது. மடிந்து வெண்கோடு விழுந்த ஃபிலிமைத் திரும்ப மாட்ட வேண்டாம்.

மாட்டி முடித்ததும் ரெசின் ஊற்றும் முன் அதே ஆல்கஹால் சோதனையை அரை மணி நேரம் செய்யுங்கள். டிஷ்யூ காகிதம் உலர்ந்தே இருந்தால், தொட்டியின் மூலைகளில் ஒரு துளி ஆல்கஹாலும் தங்காமல் காயவிட்டு, அப்புறம் ரெசினை ஊற்றலாம்.